காலக்கணிப்பு

வேலூர்க் கோட்டைக் கல்லைக் காட்டி, "கார்பன் டேட்டிங் பண்ணினால் வயது தெரிந்துவிடுமே" என்று சொல்பவர்கள் உண்டு. தெரியாது. கோட்டை 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. இந்த வட்டாரத்து மலைப்பாறைகளோ பெரும்பாலும் 250 கோடி ஆண்டுப் பழமையானவை.

'டேட்' லத்தீன் வழி வந்த சொல். ரோமானியர்கள் கடிதத்தில் 'இன்ன ஊரில், இன்ன நாளில் கொடுக்கப்பட்டது' என்று எழுதுவார்கள். 'கொடுக்கப்பட்டது' என்பதற்கான 'டாட்டா'தான் நாளடைவில் தேதியைக் குறிக்கும் சொல்லாயிற்று. தமிழில் காலக்கணிப்பு. கணி என்றால் எண்ணி அறிவது. கோள்நிலை பார்த்துக் காலம் சொன்னவரைப் பழந்தமிழில் கணியன் என்றார்கள். சிலர் காலநிர்ணயம் என்றும் எழுதுகிறார்கள். ஆய்வகம் தரும் வயதோடு 'இத்தனை ஆண்டு கூடலாம், குறையலாம்' என்ற பிழை அளவும் சேர்ந்தே வரும். நிர்ணயம் என்ற சொல் அதற்கு இடம் தருவதில்லை. அதனால் கணிப்பே சரி.

இதில் இரண்டு வகை. ஒப்பீட்டுக் காலக்கணிப்பு எது முந்தியது, எது பிந்தியது என்று மட்டும் சொல்லும். அடுக்குப் பாறையில் அடியில் இருப்பது மூத்தது. 1669இல் டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ வகுத்த விதி இது. அடுக்கில் கிடைக்கும் புதைபடிவங்களும் வரிசை சொல்லும். அரியலூரில் அதைப் பார்க்கலாம், வேலூரில் முடியாது. இங்குள்ளவை பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள். புதைபடிவம் தேடிப் பயனில்லை. ஆனால் வட ஆர்க்காட்டுப் பாறைகளுக்குக் குறுக்கே கறுப்புச் சுவர் போல டோலரைட் என்ற, பாறைக்குழம்பு உறைந்து உண்டான கல் ஓடுவதைப் பல இடங்களில் காணலாம். வெட்டிக்கொண்டு போகும் பாறை, வெட்டுப்பட்டதைவிட இளையது.

ஆண்டுக்கணக்கு வேண்டுமென்றால் கதிரியக்கக் காலக்கணிப்பு. பாறையிலுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் நுண்மணிகளில் யுரேனியம் சிறிது சிறிதாகச் சிதைந்து ஈயமாகும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு ஆகும் என்பதால், மிச்சமுள்ள யுரேனியத்தையும் சேர்ந்த ஈயத்தையும் அளந்தால் வயது கிடைக்கும். ஏலகிரி மலையின் சயனைட் (syenite) என்ற பாறைவகைக்கு இப்படிக் கதிரியக்க முறையில் கிடைத்த வயது 75 கோடி ஆண்டையொட்டி வருகிறது. சுற்றியுள்ள பாறைகளுக்கு அது பேரப்பிள்ளை.

அப்புறம் கார்பன். கதிரியக்கமுள்ள கார்பன்-14இன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டுதான். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க ஒன்றும் மிஞ்சாது. தவிர, அது உயிரோடிருந்த பொருளுக்கே பொருந்தும்: எலும்பு, மரம், கரி. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் புதிய கற்கால மக்கள் விட்டுச்சென்ற கரிக்கு அந்த முறையில்தான் காலம் கண்டார்கள்.