டைம் ஷேரிங்: ‘நேரப் பகிர்வு’ ஏன் சரியில்லை

ஒரே கணினி பல பேருக்கு மாறி மாறி வேலை செய்து, ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி இருப்பதுபோலத் தோன்றவைக்கும் ஏற்பாடு டைம் ஷேரிங். கணினி வரலாறு பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையில் அண்மையில் அதைப் பற்றி இப்படி ஒரு வரி படித்தேன்: ‘பயனர்கள் தங்கள் நேரத்தைக் கணினியுடன் பகிர்ந்துகொள்ளும் முறை இது.’ எழுதியவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருந்த சொல் ‘நேரப் பகிர்வு’. யாருடைய நேரம், யார் யாருக்குள் பகிர்வு என்று அந்தச் சொல் சொல்லாது. தனக்குப் பட்டபடி விரித்து எழுதிவிட்டார், விஷயம் தலைகீழாகிவிட்டது. கூறு போடப்பட்டது கணினியின் நேரம். அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் மனிதர்கள். இதே குழப்பத்தைப் பாடக்குறிப்பிலும் இணையக் கட்டுரையிலும் எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘ஷேர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் வெட்டு, கூறு. கலப்பைக் கொழுவுக்கு அங்கே வழங்கும் பெயரும் அதே வேரில் வந்ததுதான். நம் பக்கம் பகு, பகுதி, பங்கு, பகிர் எல்லாம் ஒரே குடும்பம். ஆக, அகராதியோடு நின்றுவிட்டால் ‘பகிர்வு’ பொருத்தமான சொல்லாகத்தான் தெரியும்.

ஆனால் ‘டைம் ஷேரிங்’ கலைச்சொல்லாகப் புழங்கத் தொடங்கியபோதே அதற்கு இரண்டு பொருள் இருந்தது. 1959 ஜூனில் பாரிஸில் யுனெஸ்கோ நடத்திய தகவல் செயலாக்க மாநாட்டில், இங்கிலாந்தின் கணினி அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி இந்தப் பெயரைத் தலைப்பில் வைத்தே ஒரு கட்டுரை படித்தார். அவர் பெரும்பாலும் பேசியது இது: ஒரு நிரல் நாடாவுக்கோ அச்சுப்பொறிக்கோ காத்திருக்கும்போது, கணினி சும்மா இருக்காமல் வேறொரு நிரலை ஓட்டட்டும். அதே ஆண்டு ஜனவரி 1 தேதியிட்டு, அமெரிக்காவின் எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஜான் மெக்கார்த்தி, அங்கிருந்த கணிப்பு மையத்தின் தலைவர் பிலிப் மோர்ஸுக்கு ஒரு குறிப்பு எழுதினார். வரவிருந்த ஐபிஎம் 709 கணினியில் பல பேர் ஒரே வேளையில், ஒவ்வொருவரும் கணினி தனக்கு மட்டுமே சொந்தம் என்பதுபோல வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஸ்ட்ரேச்சி கணினியின் வீண் பொழுதைப் பார்த்தார். மெக்கார்த்தி மனிதரின் வீண் பொழுதைப் பார்த்தார். பிற்பாடு உலகம் எடுத்துக்கொண்டது மெக்கார்த்தியின் பொருளை. தான் எழுதியபோது அப்படிப்பட்ட ஏற்பாடு தன் எண்ணத்தில் இல்லை என்று ஸ்ட்ரேச்சியே பின்னாளில் சொன்னார்.

அந்த மனிதப் பொழுது எப்படி வீணானது என்று தெரிந்தால்தான் சொல்லை எடைபோட முடியும். தொடக்க காலக் கணினிகளில் ஏட்டில் பெயர் எழுதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று நேரம் வாங்கிக்கொள்வார்கள். அந்த நேரத்துக்குள் பிழை பிடிபடாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கணினியின் விலைக்கு இது கட்டுப்படியாகவில்லை. அப்புறம் நிரலைத் துளைகளாகப் பதித்த அட்டைகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாடு வந்தது. கணினியை இயக்கும் பணியாளர் எல்லோருடைய கட்டுகளையும் சேர்த்து ஓட்டுவார். சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோ அச்சிட்ட தாள் கைக்கு வரும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் திருத்தி, மறுபடி வரிசையில் சேர்த்து, மறுபடி ஒரு நாள்.

இதை உடைத்துக் காட்டியது எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு. 1961 நவம்பரில் ஐபிஎம் 709-இல் முதல் மாதிரியை ஓட்டினார்கள். பயனர்களுக்குத் தட்டச்சு முனையங்கள், ஒவ்வொருவரின் நிரலையும் எடுத்து வைக்க ஆளுக்கொரு காந்த நாடா. அது வளர்ந்து சிடிஎஸ்எஸ் (கம்பேட்டிபிள் டைம் ஷேரிங் சிஸ்டம்) என்ற பெயரில் ஐபிஎம் 7094-க்குப் போனபோது, தலா 32,768 ‘சொல்’ (கணினி ஒரே தடவையில் கையாளும் தரவுக் கூறு) கொள்ளும் இரண்டு நினைவகங்கள் இருந்தன. ஒன்று மேற்பார்வை நிரலுக்கு, மற்றது பயனருக்கு. கடிகாரம் குறுக்கிடும், மேற்பார்வை நிரல் விழிக்கும், ஓடிக்கொண்டிருந்தவரின் நிரலை நிறுத்தும், தேவைப்பட்டால் வெளியே எடுத்து வைத்துவிட்டு அடுத்தவரின் நிரலைக் கொண்டுவரும். சுமார் முப்பது பேர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

இப்போது ‘பகிர்வு’க்கு வருவோம். இன்று ஒருவரிடம் ‘இதைப் பகிருங்கள்’ என்றால் என்ன செய்வார்? படத்தையோ செய்தியையோ நாலு பேருக்கு அனுப்புவார். அனுப்பியவரிடமும் அது முழுசாக இருக்கும், பெற்றவரிடமும் முழுசாக இருக்கும். கருத்துப் பகிர்வு, அனுபவப் பகிர்வு எல்லாம் அப்படித்தான். வேர்ச்சொல்லில் வெட்டு இருந்திருக்கலாம். இன்றைய வழக்கில் அந்த வெட்டு மழுங்கிவிட்டது. டைம் ஷேரிங்கிலோ ஒரு கணத்தில் கணினி ஒருவருக்கு மட்டுமே வேலை செய்கிறது. மற்ற எல்லோரும் காத்திருக்கிறார்கள், காத்திருப்பதே தெரியாமல். இந்தத் தனித்தன்மையை ‘பகிர்வு’ அடியோடு அழித்துவிடுகிறது. ‘காலப் பகிர்வு’ என்று மாற்றினாலும் கதை அதேதான். வேர் சரியாக இருந்தால் போதும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வாசகர் வேரைப் படிக்கிறாரா, சொல்லைப் படிக்கிறாரா?

இதை உணர்ந்த சிலர் ‘நேரப் பங்கீடு’ என்கிறார்கள். தூய தமிழ், கம்பீரமாகவும் இருக்கிறது. ஆனாலும் இது ‘பகிர்வை’விட மோசம் என்பேன். பங்கீடு என்றால் முன்கூட்டியே அளந்து, இன்னாருக்கு இவ்வளவு என்று ஒதுக்குவது. பங்கீட்டு அட்டை நமக்குத் தெரியாததா? ஏட்டில் பெயர் எழுதி மணிக்கணக்கு வாங்கினார்களே, பங்கீடு அதுதான்! டைம் ஷேரிங் எதை ஒழிக்க வந்ததோ அந்தப் பெயரையே அதற்குச் சூட்டுவதா? போதாததற்கு, கொர்பாட்டோவின் ஏற்பாட்டில் யாருக்கும் நிலையான அளவு கிடையாது. சின்ன வேலை சீக்கிரம் வாய்ப்புப் பெறும். நீளமாக ஓடும் வேலை கீழ்வரிசைக்கு இறங்கும்; அங்கே வாய்ப்பு தாமதமாக வரும், வந்தால் கூடுதல் நேரம் கிடைக்கும். தட்டச்சு முனையத்தில் யோசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவரை மேற்பார்வை நிரல் தாண்டிப் போய்விடும். அவருக்கென்று ஒதுக்கிய பங்கு எதுவும் அங்கே காத்திருக்காது.

இதற்குப் பொருந்தும் சொல் உழவர்களிடம் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீரை ‘முறை வைத்து’ விடுவார்கள், அது முறைப்பாசனம். மடை ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். ஆகவே டைம் ஷேரிங்கை நான் ‘முறைவைப்பு’ என்கிறேன். அப்படி இயங்கும் கணினி முறைவைப்புக் கணினி. ஒருவருக்கு ஒரு தடவையில் கிடைக்கும் நேரம் ‘முறைப்பொழுது’. ‘முறை’ என்றால் வழிமுறை என்றும் பொருள் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கட்டும். மருத்துவமனையில் ‘என் முறை எப்போது வரும்?’ என்று கேட்பவரை யாரும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை. கூடவே ‘வைப்பு’ சேர்ந்ததும் ஐயம் தீர்ந்துவிடுகிறது. ‘சுழல்முறை’ என்று வேறொரு சொல்லும் உலவுகிறது. அது எல்லோருக்கும் வரிசைப்படி ஒரே அளவு கொடுக்கும் உத்தியின் பெயர். அதை அதற்கே விட்டுவிட வேண்டும்.

எல்லாம் எதனால் வருகிறது? இரண்டு சொல் ஒட்டிய பெயரைப் பார்த்ததும் ஒவ்வொரு பாதியாக அகராதியில் தேடி, கிடைத்ததை ஒட்டிவிடுகிறோம். இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. அந்தக் காலத்து ‘கோர்’ நினைவகத்தை ‘மைய நினைவகம்’ என்று எழுதுவதும் இப்படித்தான். அங்கே கோர் என்பது கம்பிகள் ஊடாக ஓடும் குட்டிக் குட்டிக் காந்த வளையம். ஒரு வளையத்தில் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1. மையத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காந்தவளைய நினைவகம் என்று எழுதினால் படிப்பவர் கண்முன் பொருளே வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஸ்ட்ரேச்சியின் 1959 கட்டுரையைத் தமிழில் எழுதும்போது ‘முறைவைப்பு’ போடக் கூடாது. தலைப்பில் அதே ஆங்கிலச் சொல் இருந்தாலும், அவர் முக்கியமாகச் சொன்னது பல நிரல்களைக் கலந்து ஓட்டுவதை. அங்கே ‘பல்நிரல் இயக்கம்’ என்று எழுதி, மூலத்தில் இருந்த பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். 1964 மே 1 விடியற்காலையில் டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியர்கள் கெமனியும் கர்ட்ஸும் பேசிக் என்ற நிரல்மொழியோடு ஓட்டிய ஏற்பாடு, அதற்கு முந்தைய ஆண்டு எம்ஐடி தொடங்கிய ப்ராஜெக்ட் மேக் என்ற ஆய்வுத் திட்டம், பிறகு வந்த மல்டிக்ஸ் இயங்குதளம் ஆகியவற்றுக்கெல்லாம் முறைவைப்பு தயங்காமல் பொருந்தும்.