புரோஸ்டேட்: துருவி எடுப்பதும் பெயர்த்து எடுப்பதும்

பெருத்த புரோஸ்டேட் சுரப்பி சிறுநீரை அடைக்கும்போது, அறுவையை "லேசரில் செய்துவிடலாம்" என்று டாக்டர் சொன்னதும் பலருக்குப் பாதி பயம் போய்விடுகிறது. கத்தி இல்லை, தையல் இல்லை என்று நிம்மதி. ஆனால் லேசர் வருவதற்கு முந்தைய முறையிலும் வயிற்றில் கத்தி படுவதில்லை. அதுவும் சிறுநீர் வெளியேறும் வழியாகவே உள்ளே போகிறது. எந்தக் கருவி என்று விசாரிப்பதற்கு முன், அந்தக் கருவி சதையை என்ன செய்யப்போகிறது என்று கேட்பது நல்லது.

இளம் வயதில் புரோஸ்டேட்டின் எடை சுமார் 20 கிராம். சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். வயதாகும்போது இது முழுவதும் ஒரே சீராகப் பெருப்பதில்லை. குழாயை ஒட்டிய உட்பகுதிதான் முக்கியமாக வளர்கிறது. வளர வளர, வெளிப்பகுதியை நெருக்கித் தட்டையாக்கி ஓடு போல ஆக்கிவிடுகிறது. எண்டோஸ்கோப் வழியாகச் சதையை அகற்றும் முறைகள் எல்லாம் இந்த உட்சதையைத்தான் குறிவைக்கின்றன, ஓடு போன்ற வெளிப்பகுதியை விட்டுவிடுகின்றன. தேங்காய்ப் பருப்பைத் துருவியும் எடுக்கலாம், சிரட்டையிலிருந்து நெம்பிப் பெயர்த்தும் எடுக்கலாம் அல்லவா, இங்கும் அந்த இரண்டு வழிகள்தான் பிரதானம்.

துருவும் வழிக்கு டி.யு.ஆர்.பி. என்று பெயர். அதற்கான கருவியை 1926இல் அமெரிக்காவில் மாக்சிமிலியன் ஸ்டெர்ன் அறிமுகப்படுத்தினார். மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையம் ஒன்று, சதையைச் சீவல் சீவலாக வெட்டும். சீவல்கள் சிறுநீர்ப்பைக்குள் மிதக்கும். கடைசியில் கழுவி வெளியே எடுப்பார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஓட்டிலிருந்து உள்ளே வரும் ரத்தக்குழாய் ஒவ்வொரு அடுக்கிலும் புதிதாக வெட்டுப்படும். ஒவ்வொரு முறையும் அதைச் சுட்டு அடைக்க வேண்டும். சதை பெரிதாக இருந்தால் நேரமும் ரத்தப்போக்கும் கூடும். அதனால்தான் 80 கிராமைத் தாண்டினால் பலர் இந்த முறையைத் தவிர்க்கிறார்கள்.

அந்த நேரக் கணக்குக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. உள்ளே தெளிவாகப் பார்க்க, திரவத்தை இடைவிடாமல் பாய்ச்ச வேண்டும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்திச் சிதறடித்துவிடும் என்பதால் பழைய கருவிகளுக்கு உப்பில்லாத கிளைசின் கரைசலைப் பயன்படுத்தினார்கள். திறந்திருக்கும் ரத்தக்குழாய்கள் அதை உறிஞ்சிக்கொள்ள, ரத்தத்தில் சோடியம் சரியும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்த நோயாளி விழித்திருப்பார். திடீரென்று தடுமாறிப் பேசுவார், குமட்டும், பார்வை மங்கும். மயக்க மருந்து நிபுணர் அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது வெறும் ஆறுதலுக்காக அல்ல. இந்த அபாயத்துக்கு அஞ்சியே ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற வழக்கம் நிலைத்தது. இன்றைய பைபோலார் கருவிகளில் மின்சாரம் முனையிலேயே சுற்றி முடிவதால் சாதாரண உப்பு நீரே போதும். அந்தப் பயம் கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. லேசர் அளவுக்கு இந்த முன்னேற்றம் பேசப்படாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பெயர்த்தெடுக்கும் வழியை 1990களில் நியூசிலாந்தின் டௌரங்கா நகரில் பீட்டர் கில்லிங்கும் அவரது குழுவினரும் உருவாக்கினார்கள். ஹோலெப் என்று அழைக்கப்படும் இந்த முறையில் ஹோல்மியம் லேசர் பயன்படுகிறது. இதன் ஆற்றலைத் தண்ணீர் உடனே உறிஞ்சிக்கொள்கிறது. சதைக்குள் அரை மில்லிமீட்டர் கூட இறங்காது. ஒவ்வொரு துடிப்பிலும், லேசரைக் கொண்டுவரும் இழையின் முனையில் ஒரு நீராவிக் குமிழ் தோன்றி உடையும். அந்த உந்துதலே வெளி ஓட்டிலிருந்து சதையை விலக்குகிறது. குறுக்கே வரும் ரத்தக்குழாயை அடியிலேயே ஒரு முறை அடைத்தால் போதும். விடுபட்ட சதையைச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே ஒரு சிறு அரைக்கும் கருவியால் துண்டாக்கி உறிஞ்சுவார்கள். சிறுநீர்ப்பையை நன்றாக நிரப்பி வைத்திருக்காவிட்டால் அதன் சுவரும் கருவியில் சிக்கிக் காயப்படலாம்.

100, 150 கிராம் சதைக்கும் இது பொருந்தும். அதற்கெல்லாம் முன்பு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. ரத்தப்போக்கும், சிறுநீர் வடியப் போடும் டியூப் இருக்கும் நேரமும் டி.யு.ஆர்.பி.யைவிடக் குறைவு. மீண்டும் வளர்ந்து இன்னொரு அறுவை செய்ய நேர்வதும் அரிது. எதிர்ப்பக்கம், சிலருக்குச் சில வாரங்கள் இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும். மருத்துவருக்கும் கற்றுக்கொள்ளக் கடினமான வித்தை இது; கை பழகப் பல பத்து நோயாளிகள் தேவை. இதில் கை தேர்ந்தவர் அருகில் இல்லாதபோது, 50 கிராம் சதைக்கு நல்ல டி.யு.ஆர்.பி. மருத்துவரிடம் போவதே புத்திசாலித்தனம் என்பேன்.

பச்சை லேசர் வேறு வகை. அதன் 532 நானோமீட்டர் ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சுவதால் சதை ஆவியாகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு இது தோது. ஆனால் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சதை மிஞ்சாது. மற்ற முறைகளில் எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, எதிர்பாராமல் புற்றுநோய் தெரிய வருவதுண்டு.

இந்த மூன்றிலும் சிறுநீர்ப்பையின் கழுத்து திறந்தே நின்றுவிடுவதால், உறவின்போது விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போவது மிகச் சகஜம். விறைப்புக்கும் உச்ச உணர்வுக்கும் இது பொதுவாகக் கேடு செய்வதில்லை. ஆனாலும் முன்கூட்டியே சொல்லாமல் விடப்படும் விஷயம் இதுதான். நோயாளியும் கேட்கக் கூச்சப்படுகிறார். இதைத் தவிர்க்க நினைப்பவர்களுக்குச் சதையை வெட்டாமல் சிறு கொக்கிகளால் இழுத்து விலக்கும் யூரோலிஃப்ட்டும், நீராவி செலுத்திச் சுருங்க வைக்கும் ரெஸூமும் உள்ளன. நிவாரணம் சற்றுக் குறைவு. யூரோலிஃப்ட் செய்தவர்களில் ஏழு, எட்டுப் பேருக்கு ஒருவர் ஐந்தாண்டுகளுக்குள் மறு சிகிச்சைக்கு வந்ததாக அதன் முக்கிய ஆய்வு காட்டியது.

எதைச் செய்துகொண்டாலும் ஓடு உள்ளேயே இருக்கிறது. புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் தோன்றுவதும் அந்த வெளிப்பகுதியில்தான். எனவே அந்தப் புற்றுநோய்க்கான அறிகுறியைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையைக் கைவிட வேண்டாம். ஹோலெப்புக்குப் பிறகு அந்த அளவு வெகுவாக இறங்கிவிடும். சில மாதங்கள் கழித்து எடுக்கும் புதிய அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, இனிமேல் அதிலிருந்து ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.