பழைய மொரிஸைத் திருத்தலாமா? துரு பிடித்த இடத்தைப் பாருங்கள்

இலங்கை மலைநாட்டில் வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கே தறப்பாள் போர்த்தி நிற்கும் ஒரு பழைய மொரிஸ் மைனர் காரின் மட்கார்டில் கையளவு ஓட்டை தெரிந்தால், "இனி இரும்புக் கடைக்குத்தான்" என்று சொல்லிவிடுவார்கள். அவசர முடிவு அது. மட்கார்ட் போல்ட் போட்டுப் பூட்டியது, கழற்றி வேறு போடலாம். வண்டியை முடித்துவைக்கும் துரு கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வேலை செய்யும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். சக்கரத்துக்கு மேலே சேறு அப்பிக்கிடக்கும் மூலையில் சேற்றுக்கு அடியில் ஒட்சிசன் குறைவு, ஓரத்தில் அதிகம். அந்த வித்தியாசமே தகரத்தை மின்கலமாக்கிவிடுகிறது. ஒட்சிசன் குறைந்த பக்கத்து இரும்பு இலத்திரன்களை இழந்து கரையும். தகர மடிப்புகளுக்குள்ளும் இதுதான் நடக்கிறது.

குளிரில் இரசாயனத் தாக்கம் மெதுவாகும் என்பது சரிதான். ஆனால் மலைநாட்டில் தகரம் காய்வதில்லையே! மழை விட்டால் மூட்டம், மூட்டம் விலகினால் இரவுப் பனி. தோட்டத்து வண்டிகளுக்கு உரமூட்டை வேறு. பசளையில் கலக்கும் பொட்டாஷ், பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைட்டு. தரைவிரிப்புக்கு அடியில் சிந்திய அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, கடலோரக் காற்று செய்யும் வேலையை இங்கே செய்யும்.

மொரிஸ் மைனருக்குத் தனிச் சேசி, அதாவது அடிச்சட்டம் கிடையாது, வண்டியின் உடலான பொடியேதான் எலும்புக்கூடு. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகரப் பெட்டிகள்தான் வண்டியை முறுக்காமல் பிடிக்கின்றன. தாளைக் குழாயாகச் சுருட்டி ஒட்டி முறுக்கிப் பாருங்கள், அசையாது. நீளவாக்கில் ஒரு கோடு கிழித்துவிட்டு முறுக்கினால் அப்படியே திரும்பும். பெட்டியின் அடித் தையல் துருவில் விட்டுப்போனாலும் அதே கதிதான். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது முறுக்கு அந்தப் பெட்டிகளுக்குத்தான் வரும்.

சோதிக்க மூன்று வழி. ஒரு சின்னக் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் ஓட்டையை மறைக்கும் பட்டிப் பசை தடிப்பாக அப்பியிருக்கும். அடிப்பெட்டியைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்னும், உக்கியது மொத்தென்னும். கடைசியாக ஒரு பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடித்தால் பொடி வளைகிறது என்று அர்த்தம். வில்லுத்தகடு (லீஃப் ஸ்பிரிங்) பூட்டும் இடமும் உக்கியிருந்தால், பரம்பரை வண்டி என்ற பாசம் இல்லாதவர்கள் அதை உதிரிப்பாகத்துக்கு விட்டுவிடுவது நல்லது.

பழைய லேண்ட்ரோவர் ஜீப் இதற்கு நேர்மாறு. மேல்தகடுகள் அலுமினியக் கலவை என்பதால் வெளியே பளபளவென்று இருக்கும். கீழே உருக்குச் சேசி உள்ளுக்குள்ளேயே அரித்துப் போயிருக்கும். மேலே பார்த்து விலை பேசவே கூடாது.

துருவைக் கறுப்பாக்கும் திரவங்கள் விற்கிறார்கள். அவற்றில் பலவற்றில் தனிக் (tannic) அமிலம் இருக்கிறது. சாயத்தண்ணி (பாலில்லாத தேநீர்) பட்ட இரும்பு கறுப்பதும் அந்த வகைத் தாக்கம்தான். மேலோட்டமான துருவுக்கு அவை நல்லவை. தகரத்தின் தடிப்பை அவை திருப்பித் தராது. உக்கிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்ட் பண்ணத்தான் வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வண்டிக்கும் நல்ல விலை வந்தது. பெயிண்ட் மட்டும் அடித்து விற்பவர்களும் கூடினார்கள். அதனால் கராஜ் பாஸிடம் பெயிண்டைப் பற்றிப் பேசுமுன், அடிப்பெட்டியை எப்படி வெட்டுவார் என்று கேளுங்கள். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வெல்ட் பண்ணி, பொடி தொய்யாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லாத கராஜில் வண்டியை விடாதீர்கள்.