வகுப்பறைக்குப் போட்டோக்கொப்பி: ஆசிரியருக்குச் சட்டம் தரும் இடம்

மட்டக்களப்பின் படுவான்கரைப் பாடசாலைகளில் துணை நூல் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஆசிரியரே கைக்காசு போட்டுப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுப்பதுண்டு. அது பதிப்புரிமையை மீறிய குற்றமாகிவிடுமோ என்று அவர் அஞ்ச வேண்டியதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கற்பித்தலுக்காக வகுப்புக்குப் பல பிரதிகள் எடுப்பதை நியாயமான பயன்பாடு என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

எவ்வளவு எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். பத்து வீதம், இருபது பக்கம் என்ற கணக்கெதுவும் சட்டத்தில் இல்லை. 12ஆம் பிரிவு அனுமதிப்பது ஒரு கட்டுரை, ஒரு சிறிய ஆக்கம், நூலொன்றின் சிறு பகுதி. அதுவும் பாடத்துக்குத் தேவையான அளவு, எப்போதாவது ஒரு தடவை. இலாபம் கருதாத கல்வி நிறுவனத்தில் நேருக்கு நேர் கற்பிப்பதற்கே இந்தச் சலுகை. கட்டணம் வாங்கும் தனியார் வகுப்புக்கு இது பொருந்தாது. முழு நூலையும் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதற்குள் வராது.

நூலின் விற்பனைக்கு என்ன பாதிப்பு என்பதையும் சட்டம் பார்க்கிறது. என் கண்ணில் இதுவே முக்கியம். தரம் 5 புலமைப்பரிசில் பயிற்சிப் புத்தகமொன்றை அட்டை முதல் அட்டை வரை கொப்பி எடுத்து வகுப்பு முழுவதற்கும் கொடுத்தால், அதைச் சொந்தச் செலவில் அச்சிட்டவர் அடுத்த பதிப்பை எப்படிக் கொண்டுவருவார்? அவரும் கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ கற்பிக்கும் இன்னோர் ஆசிரியராக இருக்கக்கூடும்.

கடந்தகால வினாத்தாளின் தலைப்பைப் பாருங்கள்: ‘முழுப் பதிப்புரிமையுடையது’ என்று அச்சிட்டிருக்கும். அதிலிருந்து சில வினாக்களை வகுப்பில் செய்விப்பது வேறு, ஆண்டுவாரியாகத் தொகுத்து விற்பது வேறு.

பதிப்புரிமை நூலை எழுதியவரின் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மறைந்தது 1947இல். ஆகவே அவர் எழுத்துகளுக்கான காலம் 2017உடன் முடிந்துவிட்டது. முழுமையாகவே பிரதி எடுக்கலாம். புதிய பதிப்பில் மற்றவர் எழுதிச் சேர்த்த முன்னுரையையும் குறிப்புகளையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பிரதியிலும் நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் இயன்றவரை இருக்க வேண்டும் என்பதும் சட்டமே. நடுப்பக்கத்தைக் கொப்பி எடுத்தால் இரண்டும் வராது. மூலப்பிரதியின் ஓரத்தில் பேனாவால் எழுதிவிட்டுக் கடைக்காரரிடம் கொடுங்கள்.