கிபோட்டோஸ்: பேழைதான், கப்பல் அல்ல

விவிலியக் கதையில் பெருவெள்ளத்திலிருந்து தப்ப நோவா ஏறிய பேழையை வரையச் சொன்னால் நம்மில் பலர் கப்பலைத்தான் வரைவோம். 1,800 ஆண்டுகளுக்கு முன் அபமேயா நகரத்தில் நாணய அச்சு செதுக்கியவர் மூடி திறந்த ஒரு பெட்டியைச் செதுக்கினார். துடுப்பு இல்லை, பாய்மரம் இல்லை.

அபமேயா இருந்த இடத்தில் இன்று துருக்கியின் தினார் நகரம் இருக்கிறது. உரோமப் பேரரசின் கிழக்கு நகரங்கள் உள்ளூர்ப் புழக்கத்துக்கு வெண்கலக் காசுகளை அடித்துக்கொண்டன. ஒரு பக்கம் பேரரசர் தலை, மறுபக்கம் ஊர்க் கதை, எழுத்து கிரேக்கம். இவைதான் மாகாண நாணயங்கள். அபமேயாக் காசு ஒன்றில் கிரேக்கத் தெய்வம் அதீனா குழல் ஊதுகிறாள், கிரேக்கப் புராணத்துக் குழலிசைஞன் மார்சியாஸ் பின்னாலிருந்து பார்க்கிறான். பேரரசர்கள் செப்திமியுஸ் செவெரஸ் (193–211), பிலிப் (244–249) காலத்துக் காசுகளிலோ நோவா வருகிறார். நீரில் மிதக்கும் பெட்டிக்குள் கணவனும் மனைவியும். மூடிமேல் ஒரு பறவை. கிளையோடு பறந்துவரும் இன்னொன்று. பக்கத்திலேயே அதே இருவர் கரையேறி, வலக்கையை உயர்த்தி நிற்கிறார்கள். ஒரே காசில் கதையின் இரண்டு கட்டங்கள்! பெட்டியின் மேல் மூன்று கிரேக்க எழுத்துகளில் 'நோஎ' என்ற பெயரும் உண்டு.

இந்த ஊருக்கு ஏன் இந்தக் கதை? ஊரின் பட்டப்பெயரே 'கிபோட்டோஸ்'. கிரேக்கத்தில் பெட்டி என்று பொருள். எபேசுவுக்கு அடுத்த பெரிய வணிக நகரம் இது என்கிறார் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோன்; சரக்குப் பெட்டிகளால் வந்த பெயராக இருக்கலாம். எபிரேய விவிலியத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் நோவாவின் பேழையைக் குறிக்கும் 'தேவாஹ்' என்ற எபிரேயச் சொல்லுக்கும் இதே சொல்லைப் போட்டார்கள். அபமேயாவில் யூதர்கள் வாழ்ந்தது உரோமப் பேச்சாளர் சிசரோவின் உரையிலிருந்தே தெரிகிறது. அப்புறம் என்ன, ஊர்ப் பெயரும் கதையும் ஒட்டிக்கொண்டன.

'ஆர்க்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரான இலத்தீன் 'ஆர்கா'வும் பெட்டிதான். பிற்காலப் படங்கள்தாம் அதைக் கப்பலாக்கின. தமிழில் விவிலியத்தைப் பெயர்த்தவர்கள் 'நோவாவின் கப்பல்' என்று எழுதாமல் 'பேழை' என்றது எவ்வளவு சரி! விநாயகர் அகவலில் 'பேழை வயிறும்' என்று வருகிறதே, அதே பேழை. உள்ளே நிறைய கொள்ளும் பெட்டி. எனவே கிபோட்டோஸ் என்பதற்குப் 'பெட்டகம்' என்றோ 'மரக்கலம்' என்றோ புதிதாகத் தேட வேண்டாம். அபமேயாக் காசை விளக்கும்போது 'பேழைக் காசு' என்றே தயங்காமல் எழுதலாம்.