பக்கத்து வீட்டுப் பையன் பெயர் கொடுத்துவிட்டான்: போருக்குப் போகும் முடிவு எப்படிப் பிறக்கிறது?

முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பரில், இங்கிலாந்தின் லங்காஷையர் பகுதியிலுள்ள அக்ரிங்டன் என்ற ஆலை நகரத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். பத்தே நாளில் ஏறக்குறைய 1,000 பேர் சேர்ந்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. ஆலைத் தொழிலாளிகள், குமாஸ்தாக்கள், கடைப் பையன்கள் என்று எல்லாத் தரப்பும் இருந்தது. யாரும் அவர்களைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவைக்கான சட்டமே 1916 ஜனவரியில்தான் வந்தது. அதற்குள் நாடு முழுக்கச் சுமார் 25 லட்சம் பேர் தாங்களாகவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். 1914 செப்டம்பர் 3ஆம் தேதி ஒரே நாளில் மட்டும் 33,000 பேருக்கு மேல்!

ஏன் போனார்கள்? நாட்டுப்பற்று என்பார்கள். வறுமை என்பார்கள். சண்டை போடுவது மனிதனின் ரத்தத்திலேயே இருக்கிறது என்றுகூடச் சொல்வார்கள். வறுமையைத் தள்ளிவிட முடியாது. அக்ரிங்டனின் பெரிய நெசவு இயந்திரத் தொழிற்சாலை அந்தக் கோடையில் கதவடைத்திருந்தது. சம்பளமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வீட்டில் இருந்தார்கள். ராணுவத்தில் நாளுக்கு ஒரு ஷில்லிங் சம்பளம், மனைவிக்குத் தனிப்படி. ஆனால் மாத வருமானத்தோடு மேசை வேலை பார்த்தவர்களும்தானே கூட்டங்கூட்டமாக வந்தார்கள்? லிவர்பூல் நகரத்து வணிக அலுவலகங்களின் குமாஸ்தாக்களை மட்டுமே நம்பி ஆள் சேர்ப்பில் முன்னின்ற டார்பி பிரபு ஒரு பட்டாலியன் (ஏறக்குறைய ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) கேட்டார். சில நாட்களில் மூன்று பட்டாலியனுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. பசி மட்டும் காரணமாக இருந்தால் இது நடந்திருக்காது.

டார்பி கொடுத்த வாக்குறுதியில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்றாகச் சேர்கிறவர்கள் ஒன்றாகவே பயிற்சி பெறலாம், ஒன்றாகவே போரிடலாம் என்றார். ‘நண்பர்கள் பட்டாலியன்’ என்றே பெயர் வைத்தார். ஒரே தெரு, ஒரே ஆலை, ஒரே கால்பந்துக் குழு அப்படியே சீருடை மாட்டிக்கொண்டது.

இது ஏன் இவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பதற்கு, சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் வெளியிட்ட ஒரு எளிய கணக்கு நல்ல விளக்கம் தருகிறது. ராணுவத்துக்காக அவர் அதை எழுதவில்லை. கலவரம், வேலைநிறுத்தம் போன்ற கூட்டு நடத்தைகளுக்காக எழுதினார். ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு வாசல் எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். எத்தனை பேர் இறங்கியதைப் பார்த்தால் நானும் இறங்குவேன் என்பதே அந்த எண். கல்யாணப் பந்தியில் முதல் ஆளாக இலை முன்னால் உட்காரப் பலருக்கும் கூச்சம். நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் வரிசை தானாக நிரம்பிவிடும், அது மாதிரி.

ஒரு சதுக்கத்தில் 100 பேர் நிற்கிறார்கள். முதல் ஆளின் எண் 0, அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2 என்று 99 வரை போகிறது. முதல் ஆள் யாரையும் எதிர்பார்க்காமல் இறங்குவார். அவரைப் பார்த்து இரண்டாமவர், அந்த இருவரைப் பார்த்து மூன்றாமவர் என்று கடைசியில் நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம்: எண் 1 உள்ளவரை எடுத்துவிட்டு, எண் 2 உள்ள ஒருவரை அங்கே நிறுத்துவோம். முதல் ஆள் இறங்குவார். அவரோடு சரி. வேறு யாரும் அசைய மாட்டார்கள். இரண்டு கூட்டத்திலும் மனிதர்கள் கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான், விளைவு தலைகீழ்.

எண்ணிக்கையால் மட்டும் வருகிற விளைவு இல்லை இது. யார் இறங்கினார் என்பதும் முக்கியம். முன்பின் தெரியாத நூறு பேர் சேர்ந்த செய்தியைவிட, கூடவே படித்த ஒருவன் சேர்ந்தான் என்பது கனமாக விழுகிறது. நண்பர்கள் பட்டாலியன் இந்த வாசல் எண்ணைத்தான் ஒரேயடியாகக் கீழே இறக்கியது. போகாமல் இருப்பதற்கான விலையையும் அதே சமயம் ஏற்றினார்கள். 1914 ஆகஸ்டு இறுதியில் போக்ஸ்டன் நகரில் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஒருவர் பெண்களைத் திரட்டி, சீருடை அணியாத இளைஞர்கள் கையில் கோழைத்தனத்தின் அடையாளமாக வெள்ளை இறகு கொடுக்கச் செய்தார். நடுத்தெருவில் எல்லாரும் பார்க்க அந்த இறகை வாங்கிய பையனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அதைச் செய்த யோசனையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதினர், இருபதை ஒட்டியவர்கள், 24 வயதைத் தாண்டியவர்கள் என மூன்று பிரிவினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆட வைத்தார்கள். சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆடினார்கள். தோழர்கள் முன்னிலையில் பதின்வயதினர் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. மூத்தவர்களிடம் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. ராணுவங்கள் இளைஞர்களைத் தேடுவதற்கு உடல் வலு ஒரு காரணம். நண்பன் பார்க்கிறான் என்பதற்காகவே துணிகிற வயது அது என்பதும் ஆள் எடுப்பவர்களுக்குச் சாதகம்தான்.

நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது மிலிட்டரியில் இருப்பார் என்பது பெயர்பெற்ற செய்தி. தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லாரும் போய்வந்த ஊரில் பிறந்த பையனுக்கு அந்த முதல் அடி புதுசே இல்லை. என்ன சம்பளம், எப்போது லீவு, ஓட்டத்தில் எப்படித் தேறுவது என எல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிடுகிறது.

சரி, சேர்வது ஒரு முடிவு. குண்டு பாயும்போது ஓடாமல் நிற்பது இன்னொரு முடிவு. இரண்டாம் உலகப் போரில் சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டவ்ஃபர் தலைமையிலான குழு அமெரிக்க வீரர்களிடம் பெரிய அளவில் கேள்விகள் கேட்டது. தங்களைத் தாங்கிப் பிடிப்பது எது என்ற கேள்விக்குப் பெரிய லட்சியங்களைச் சொன்னவர்கள் மிகச் சிலரே. வேலையை முடித்து வீடு போக வேண்டும், கூட இருப்பவர்களைக் கைவிடக் கூடாது என்பதே அதிகம் வந்த பதில்கள். பிடிபட்ட ஜெர்மன் வீரர்களை ஆராய்ந்த எட்வர்ட் ஷில்ஸ், மோரிஸ் ஜானோவிட்ஸ் இருவரும் 1948இல் இதே திசையில்தான் எழுதினார்கள்: கொள்கையைவிட, கூடவே உண்டு உறங்கும் சிறு குழுதான் அவர்களைக் கட்டிவைத்தது என்றார்கள். வரலாற்றாசிரியர் ஓமர் பார்டோவ் பின்னாளில் இதை மறுத்தார். சோவியத் படைகளோடு மோதிய கிழக்குப் போர்முனையில் அந்தச் சிறு குழுக்கள் நிலைக்க முடியாத வேகத்தில் ஆட்கள் செத்தார்கள். அங்கே அவர்களை நிறுத்தியது நாஜிப் பிரச்சாரமும் கொடூரமான தண்டனையும் என்பது அவர் வாதம். அது சரியான திருத்தம் என்றே நினைக்கிறேன். தோழமை என்ற அழகான சொல்லைக் காட்டி, அந்தப் படை செய்த கொலைகளை மறைத்துவிடக் கூடாது.

இந்தப் பிணைப்பை அளக்க உளவியலாளர் வில்லியம் ஸ்வானும் அவர் குழுவினரும் ஒரு படத்தைப் பயன்படுத்தினார்கள். இரண்டு வட்டங்கள்: ஒன்று ‘நான்’, மற்றது ‘என் குழு’. தள்ளித் தள்ளி நிற்பதிலிருந்து, ‘நான்’ முழுக்க உள்ளே போய்விடுவதுவரை சில படிகள். உனக்குப் பொருந்துவது எது என்று கேட்பார்கள். 2011இல் லிபியாவில் ஆட்சியாளர் கடாபிக்கு எதிரான போர் நடந்தபோது, மிஸ்ராத்தா நகரத்துப் போராளிகள் 179 பேரிடம் ஸ்வானும் மானுடவியலாளர் ஹார்வி வைட்ஹவுஸும் இன்னும் இருவரும் இந்த முறையில் கேட்டார்கள். கிட்டத்தட்ட எல்லாருமே குடும்பத்துக்குள்ளும் பட்டாலியனுக்குள்ளும் முழுக்கக் கரைந்திருந்தார்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றபோது, முன்னணியில் சண்டையிட்டவர்களில் 45 சதவீதம் பேர் குடும்பத்தை விட்டுவிட்டு பட்டாலியனைச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுவது, வண்டி பழுது பார்ப்பது போன்ற வேலை செய்தவர்களில் அது 28 சதவீதம். சேர்ந்து அனுபவித்த வலி அன்னியர்களை ரத்த உறவாக்குகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

அக்ரிங்டன் பையன்களை ஒன்றுசேர்த்த அதே கட்டு 1916 ஜூலை 1 அன்று, பிரான்சில் சோம் போர்க்களத்தின் செர் கிராமத்துக்கு முன்னால் என்ன செய்தது என்பது பதிவாகியிருக்கிறது. தாக்குதலுக்குப் போன சுமார் 700 பேரில் 584 பேர் அரை மணி நேரத்துக்குள் செத்தார்கள், காயமடைந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஒன்றாக விழுந்ததால், ஒரே ஊரின் தெருத்தெருவாகத் துக்கம் வந்தது. காலியான இடங்களுக்கு அப்புறம் பல ஊர் ஆட்களையும் கலந்தே அனுப்பினார்கள்.

ஆனால் போருக்குப் போகிற எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள் இல்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் உள்நாட்டுப் போர் முடிந்தபின் அரசியல் ஆய்வாளர்கள் மக்கார்டன் ஹம்ஃப்ரீஸ், ஜெரமி வைன்ஸ்டீன் இருவரும் 1,000க்கும் அதிகமான முன்னாள் போராளிகளைச் சந்தித்தார்கள். கிளர்ச்சிப் படையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கடத்தப்பட்டவர்கள். எதிர்ப்பக்கம் ஊர்க்காவல் படையில் இருந்தவர்களோ பெரும்பாலும் உறவினர், நண்பர், ஊர்த் தலைவர் வழியாக வந்தவர்கள். போருக்குப்பின் வீடு திரும்பியபோது யாரை ஊர் ஏற்றுக்கொண்டது என்றும் அவர்கள் பார்த்தார்கள். பொதுமக்களை அதிகம் வதைத்த பிரிவுகளில் இருந்தவர்களுக்குத்தான் அது எல்லாரையும்விடக் கடினமாக இருந்தது.