என்ன ஆகுமோ என்று காத்திருக்கும்போது மூளை என்ன செய்கிறது?

திரையில் ஒரு பாறை. அதன் அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுரீரென்று மின்சாரம் பாயும். சரியாக ஊகித்திருந்தாலும் தப்ப முடியாது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை இப்படி விளையாட வைத்து, அவர்களுடைய வியர்வையையும் கண்பாவை விரிவதையும் அளந்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்ற சரிபாதி நிலையில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது.

"எதுவா இருந்தாலும் தெரிஞ்சுட்டா போதும்" என்று நாம் சொல்வது வெறும் அலுப்பு இல்லை. கெட்டது உறுதியானால் உடம்பு அதற்குத் தயாராகிவிடும். உறுதி இல்லாதபோது மூளை இரண்டு எதிர்காலங்களுக்கும் சேர்த்து விழித்திருக்க வேண்டியிருக்கிறது. இதில் பயனும் உண்டு: யாருடைய பதற்றம் நிலைமையின் நிச்சயமின்மையோடு ஒட்டி ஏறி இறங்கியதோ, அவர்களே பாம்பைச் சரியாக ஊகித்தார்கள்.

அப்படியானால் கடைசி ஓவரை ஏன் விரும்பிப் பார்க்கிறோம்? 2003-இல் நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குழு, குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தது. பழச்சாறு கிடைக்குமா என்று குரங்கு காத்திருந்த அந்தச் சில விநாடிகளில் நரம்பணுக்களின் துடிப்பு மெல்ல ஏறியது. வாய்ப்பு 50 சதவீதமாக இருந்தபோதுதான் அந்த ஏற்றம் மிக அதிகம். அதே சரிபாதிதான். ஆனால் தோற்றால் இழக்கப்போவது என்ன என்பதைப் பொறுத்து அது கிளர்ச்சியாகவும் இருக்கலாம், வதையாகவும் இருக்கலாம்.

பார்ப்பவனுக்குக் கிளர்ச்சி, பந்தின் முன் நிற்பவனுக்கு வதை. பெனால்ட்டி ஷூட் அவுட்டுகளை ஆராய்ந்த நார்வே உளவியலாளர் கெய்ர் யோர்டெட், நடுவரின் விசிலுக்காக அதிக நேரம் காக்க வைக்கப்பட்ட வீரர்கள் அதிகம் தவறவிடுவதைக் கண்டார். 2022 டிசம்பர் 18, லுசைல் மைதானம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பிரான்சின் சுவாமெனி பெனால்ட்டி அடிக்க வருகிறார். அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் பந்தைத் தூக்கி ஓரமாக எறிகிறார். சுவாமெனி போய் எடுத்து வர வேண்டியதாயிற்று. அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அதற்கு அதுவே காரணம் என்று அறுதியிட முடியாதுதான். ஆனால் அந்த நிமிடத்தில் கடிகாரம் யார் கையில் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தேர்தலிலும் இதே கேள்விதான். 2020 நவம்பர் 3-இல் வாக்களித்த அமெரிக்கர்கள், தொலைக்காட்சிகள் வெற்றியாளரை அறிவிக்க 7-ஆம் தேதிவரை காத்திருந்தார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாளுக்கு முன் பிரிக்கச் சட்டம் இடம் தராததால் எண்ணிக்கை இழுத்தது. இருந்தாலும் எண்ணிக்கை ஒருநாள் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

போரில் அந்த உறுதியும் இல்லை. 1970-களில் வியட்நாமில் காணாமல்போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், முடிவு தெரியாத இந்த இழப்பைத் தனி வகையாகவே வரையறுத்தார். இறந்தது தெரிந்தால் அழுது, காரியம் செய்து, துக்கத்தைத் தொடங்கலாம். தெரியாவிட்டால் அதைத் தொடங்கவே முடியாது. துக்கப்படுவதே கைவிட்டதாகிவிடுமோ என்ற குற்றவுணர்வு வரும். இது மனநோய் அல்ல, கோளாறு சூழ்நிலையில்தான் இருக்கிறது என்று அவர் வலியுறுத்தினார்.

இலங்கையின் கிளிநொச்சியில், காணாமல்போன பிள்ளைகளைத் தேடி, கந்தசுவாமி கோவில் முன்பு 2017 பெப்ரவரி 20-இல் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரின் நிலை இதுதான். கையில் பிள்ளைகளின் படங்களோடு அவர்கள் கேட்பது ஒரு பதிலை. 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தாருங்கள் என்கிறார்கள். மனத்தை ஆற்றுப்படுத்தும் ஆலோசனை தேவைதான், ஆனால் தகவல் இருக்க வேண்டிய இடத்தில் அதை வைக்க முடியாது. 2017 ஜூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவர்களைச் சந்தித்து, பட்டியலை வெளியிட வைப்பதாக வாக்களித்தார். பட்டியல் வரவில்லை. காத்திருந்த தாய்மாரில் பலர் இறந்துவிட்டார்கள்.